தம்பிக்கு டேவிட் மோய்ஸின் கதையைச் சொல்லுங்கள்

வணக்கம் சார்.

கிளாஸ்கோவிலிருந்து நீங்கள் எழுதிய நீண்ட மடலைப் படித்தேன். மகனுக்கு 16 வயது. சின்ன வயதிலிருந்து விளையாடிய கால்பந்து கிளப்பின் அகாடமி இந்த வருடம் அவனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. சில நாள் யாரோடும் பேசாமல் கிடந்தவன் திடீரென்று எழுந்து வந்து, "பிளேயர் ஆகாவிட்டால் என்ன, மேனேஜர் ஆகிறேன். அலெக்ஸ் ஃபெர்குசன் என்ன டிகிரியா வாங்கினார்?" என்று கேட்டானாம். அவன் அம்மா அழுகிறார், உங்களுக்குத் தூக்கமில்லை, ஊரிலிருந்து பெரியப்பா போன் போட்டு "இதற்காகவா அவ்வளவு தூரம் போனீர்கள்" என்கிறார். பெரியப்பாவை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

தம்பியின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லலாம். மான்செஸ்டர் யுனைடெட்டை நடத்திப் புகழ்பெற்ற மேனேஜர், அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளர், ஃபெர்குசன் டிகிரி வாங்கவில்லைதான். ஆனால் கையில் ஒரு தொழில் வைத்திருந்தார். கிளாஸ்கோவின் கவன் பகுதியில் பிறந்த அவர் ரெமிங்டன் ராண்ட் தொழிற்சாலையில் டூல்மேக்கர் அப்ரென்டிஸாக வேலை கற்றார். குயின்ஸ் பார்க் கிளப்பில் ஆடியது அமெச்சூராக, காசில்லாமல். செயின்ட் ஜான்ஸ்டனுக்குப் போன பிறகும் தொழிற்சாலை வேலையை விடவில்லை. 1964-இல் டன்ஃபர்ம்லைன் கூப்பிட்டபோதுதான் முழுநேர ஆட்டக்காரர் ஆனார். அப்போது வயது 22. மேனேஜராக அவருக்குக் கிடைத்த முதல் வேலை 1974-இல், ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷையர் என்ற குட்டி கிளப்பில். பகுதிநேர வேலை, வாரம் 40 பவுண்ட். அடுத்து போன செயின்ட் மிரன் 1978-இல் அவரை வேலையை விட்டே நீக்கியது. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 1986 நவம்பரில் வந்தவர் அங்கே முதல் கோப்பையைத் தூக்கியது 1990-இல். தம்பியின் சுவரில் இருக்கும் போஸ்டரில் இதெல்லாம் தெரியாது.

இருந்தாலும் ஃபெர்குசனை வைத்துப் பேசுவதை நான் விரும்புவதில்லை. அவர் விதிவிலக்கு. ஐ.ஏ.எஸ். தேர்வில் முதலிடம் வாங்கியவரைக் காட்டி ஒரு பையனுக்குப் பாதை போட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அதே கிளாஸ்கோவில் பிறந்த இன்னொருவரைப் பாருங்கள்: டேவிட் மோய்ஸ். ஒரு பெற்றோர் உட்கார்ந்து படிக்க வேண்டிய தொழில் வாழ்க்கை அவருடையது.

மோய்ஸ் பிறந்தது 1963-இல். அப்பா, டிரம்சாப்பல் அமெச்சூர்ஸ் என்ற இளையோர் கிளப்பில் பயிற்சி கொடுத்தவர். (ஃபெர்குசனும் சிறு வயதில் ஆடிய கிளப் அது.) மகன் கிளாஸ்கோவின் பெரிய கிளப்பான செல்டிக்கில் சேர்ந்தார், 1981-82 லீக் பட்டம் வென்ற அணியில் இருந்தார். இதோடு நிறுத்தினால் பெரிய கதை போலத் தெரியும். ஆனால் செல்டிக்கில் நிலையான இடம் கிடைக்கவில்லை. 20 வயதில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் யுனைடெட். அப்புறம் பிரிஸ்டல் சிட்டி, ஷ்ரூஸ்பரி, திரும்ப ஸ்காட்லாந்து வந்து டன்ஃபர்ம்லைன், ஹாமில்டன், கடைசியில் பிரெஸ்டன். பெரும்பாலும் கீழ்ப் பிரிவுகளில் 500-க்கும் மேல் லீக் ஆட்டங்கள் ஆடிய தடுப்பாட்டக்காரர். ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு ஒருமுறைகூட ஆடியதில்லை. நேர்மையான, உழைத்த, நடுத்தரமான ஆட்டக்காரர், அவ்வளவுதான்.

ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தைத் தம்பி மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 22 வயதிலேயே கோச்சிங் சான்றிதழ் படிப்பில் சேர்ந்துவிட்டார். காயம் பட்ட பிறகோ, 35 வயதில் வேறு வழி இல்லாமலோ போனவர் இல்லை. ஆடும் வயதிலேயே இரண்டாவது தொழிலுக்கு விதை போட்டார். பிரெஸ்டனில் ஆடிக்கொண்டே பயிற்சிக் குழுவில் இடம் பிடித்து, மேனேஜர் கேரி பீட்டர்ஸின் உதவியாளர் ஆனார். 1998 ஜனவரியில் பீட்டர்ஸ் விலகியபோது, தத்தளித்துக்கொண்டிருந்த பிரெஸ்டன் 34 வயது மோய்ஸிடம் பொறுப்பைக் கொடுத்தது. அணி அந்த ஆண்டு தப்பித்தது. 2000-இல் தன் பிரிவில் சாம்பியன் ஆகி மேலே ஏறியது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்கின் வாசல் வரை போய், மேலே ஏறுவதற்காக கார்டிஃபில் நடந்த பிளே-ஆஃப் இறுதியில் போல்டனிடம் தோற்றது. 2002 மார்ச்சில் பிரீமியர் லீக் கிளப்பான எவர்டன் கூப்பிட்டது.

22-க்கும் 34-க்கும் நடுவே 12 வருடம் இருக்கிறது. பெற்றோர்கள் பொதுவாகப் பார்க்கத் தவறுவது இந்தப் பன்னிரண்டைத்தான். மேனேஜர் வேலையைப் பற்றி நாம் செய்தித்தாளில் படிப்பதெல்லாம் அதற்குப் பிறகு நடப்பவை.

எவர்டனில் 11 ஆண்டுகள். பணக்கார கிளப் இல்லை, பெரிய ஆட்டக்காரர்களை நினைத்தபடி வாங்க முடியாது. அதே கையிருப்பை வைத்துக்கொண்டு 2004-05-இல் லீக்கில் நான்காவது இடம் பிடித்தார். 16 வயது வெய்ன் ரூனியை முதல் அணியில் இறக்கியவரும் அவர்தான். சக மேனேஜர்களின் சங்கம் தரும் 'ஆண்டின் சிறந்த மேனேஜர்' விருது 2003, 2005, 2009 என மூன்று முறை வந்தது. கோப்பை மட்டும் வரவில்லை. 2009 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் செல்சியிடம் தோல்வி.

2013-இல் ஃபெர்குசன் ஓய்வு பெற்றபோது மான்செஸ்டர் யுனைடெட்டின் நாற்காலி மோய்ஸுக்குக் கிடைத்தது. ஆறு வருட ஒப்பந்தம். பத்து மாதம்கூட முழுதாக முடியவில்லை, 2014 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். நம் வீடுகளில் இப்படி ஒன்று நடந்தால் கல்யாண வீட்டுக்குப் போகவே கூச்சப்படுவோம். அவருக்கோ உலகம் முழுக்க டிவியில் நடந்தது. அப்புறம் ஸ்பெயினில் ரியல் சோசியடாட், ஒரே வருடத்தில் அங்கிருந்தும் வெளியே. 2016-17-இல் சண்டர்லேண்ட், அந்த அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது, அவர் விலகினார். வெஸ்ட் ஹாம் ஆபத்துக்கு உதவ அழைத்தது, அணியைக் காப்பாற்றிக் கொடுத்தார், 2018-இல் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் அனுப்பிவிட்டார்கள். 2019 டிசம்பரில் அதே வெஸ்ட் ஹாம் மறுபடி கூப்பிட்டது. ரோஷம் பார்க்காமல் போனார்.

2023 ஜூன் 7, பிராக் நகரம், ஐரோப்பா கான்ஃபரன்ஸ் லீக் இறுதி. ஃபியோரன்டினாவை 2-1 என்று வெஸ்ட் ஹாம் வென்றது. 1980-க்குப் பிறகு அந்த கிளப்புக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை. மோய்ஸுக்கு அப்போது வயது 60. தன் பதக்கத்தைக் கழற்றி, மைதானத்துக்கு வந்திருந்த 87 வயது அப்பாவின் கழுத்தில் போட்டார். 2025 ஜனவரியில், கீழே இறங்கிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த எவர்டனுக்கே திரும்பிப் போய் அந்த சீசனைப் பத்திரமாக முடித்துக் கொடுத்தார்.

இந்தத் தொழிலில் வேலை போவது சகஜம். அரசு வேலை, வங்கி வேலை பார்த்து வளர்ந்த நமக்கு அது பயமாகத்தான் இருக்கும், அந்தப் பயம் நியாயமானது. மோய்ஸ் அளவு வெற்றி பெற்றவருக்கே சில ஆண்டுகளில் அடுத்தடுத்து அத்தனை வெளியேற்றம் என்றால், பெயர் தெரியாத பயிற்சியாளர்களின் நிலையைச் சொல்ல வேண்டாம். அதனால்தான் "கோச் ஆகாதே" என்று தம்பியிடம் சொல்லாதீர்கள், "கோச் மட்டும் ஆகாதே" என்று சொல்லுங்கள் என்கிறேன்.

அதற்கும் ஸ்காட்லாந்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இதைப் பெரியப்பாவிடமும் சொல்லலாம்! 1990 உலகக் கோப்பைக்கு ஸ்காட்லாந்து அணியைக் கூட்டிப்போன ஆண்டி ராக்ஸ்பரோ, தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர். அவருக்குப் பின் வந்து 1998 உலகக் கோப்பைக்கு அணியை அழைத்துச் சென்ற கிரெய்க் பிரவுனும் ஆசிரியர்தான். முழங்கால் காயம் அவருடைய ஆட்டத்தைச் சீக்கிரமே முடித்துவைத்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்துகொண்டே கிளைட் அணிக்குப் பகுதிநேர மேனேஜராக இருந்தார். ஒரு வகுப்பை அடக்கி, புரியவைத்து, சோம்பேறிப் பையனையும் எழுப்பி ஓடவைக்கத் தெரிந்தவருக்கு ஆடை மாற்றும் அறையில் பேசுவது பெரிய வித்தையா என்ன?

"பெரிய கிளப்பில் ஆடாதவனை யார் மதிப்பார்கள்?" என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ் என்ற போர்ச்சுகல்காரர் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லை. 17 வயதில் ஸ்காட்லாந்துக்கு வந்து கோச்சிங் லைசென்ஸ் படிக்கத் தொடங்கினார். 33 வயதில் செல்சி மேனேஜர். அங்கே ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இருந்தாலும், ஆடாதவனுக்குக் கதவு மூடியிருக்கிறது என்பது உண்மையில்லை. ஸ்காட்லாந்துப் பயிற்சிக்கு வெளிநாட்டுக்காரர்களே தேடி வந்திருக்கிறார்கள். ஜோசே மொரின்யோவும் லார்க்ஸில் வந்து படித்தவர். உங்கள் வீட்டிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் போகிற ஊர்.

லைசென்ஸ் ஏணி ஐரோப்பா முழுக்க ஒன்றுதான்: தொடக்கநிலை வகுப்புகள், அதற்கு மேல் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏவின் சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. தம்பியைப் போன்றவர்கள் படி தாண்டிக் குதிப்பது கடினம். பிரீமியர் லீக் அணியின் தலைமைப் பொறுப்புக்கு ப்ரோ கேட்பார்கள். மேல்படிகளில் இடம் குறைவு, கட்டணம் அதிகம். ஏற்கெனவே ஓர் அணியில் வேலை பார்ப்பவர்களுக்கே முன்னுரிமை. அதனால் சான்றிதழை மட்டும் சேர்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் பயன் இல்லை. சிறுவர் அணிக்குக் கூம்பு வைத்து, மழையில் நின்று, கோபக்காரப் பெற்றோரைச் சமாளித்த அனுபவமும் கூடவே வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். படிப்பை விடக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஹையர் (ஸ்காட்லாந்துப் பள்ளி மேல்நிலைத் தேர்வு) பாடங்களில் ஆங்கிலம் கட்டாயம் இருக்கட்டும், ஸ்காட்லாந்தில் ஆசிரியர் பயிற்சிக்கு அது தேவை. கூடவே உயிரியல், கணிதம், பள்ளியில் இருந்தால் உடற்கல்வியும். இந்தக் கூட்டணியை வைத்து உடற்கல்வி ஆசிரியர், விளையாட்டு அறிவியல், பிசியோதெரபி என எந்தப் பக்கமும் திரும்பலாம். ஆட்டத்தை வீடியோவில் அலசும் அனலிஸ்ட் வேலைக்குக் கணிதம் கைகொடுக்கும். நீங்கள் அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் என்பதால் முதல் பட்டப்படிப்புக் கட்டணத்தை அரசின் மாணவர் உதவி அமைப்பான சாஸ் ஏற்க வாய்ப்பு அதிகம். விசா நிலையைப் பொறுத்தது, அவர்கள் தளத்திலேயே பாருங்கள்.

அடுத்து, அவனை அனுப்பிய கிளப்பிடம் கோபப்பட வேண்டாம். அங்கே அவனுக்கு நல்லபடியாகச் சொல்லிக்கொடுத்த கோச் ஒருவர் இருப்பார், அவரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் சமூக கிளப்பில் சிறுவர் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகத் தன்னார்வமாகச் சேரட்டும். தனக்குப் பிடித்த ஆட்டத்தைத் தான் ஆடாமல் இன்னொருவனை ஆடவைப்பது பிடிக்கிறதா என்பது ஒரு குளிர்காலம் போனால் அவனுக்கே தெரிந்துவிடும். பலருக்குப் பிடிப்பதில்லை. அது 16 வயதில் தெரிந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. நடுவில் எங்காவது அமெச்சூர் அணியில் அவன் ஆடுவதையும் நிறுத்தாதீர்கள்.

கோச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் சில ஆண்டுகளில் முடியாது. பெரும்பாலான பயிற்சியாளர் வேலைகள் பகுதிநேரம், மாலையும் சனி ஞாயிறும்தான். பகலில் சம்பளம் தரும் வேறொரு வேலை வேண்டும் என்பதற்காகத்தான் மேலே அவ்வளவு நேரம் பாடங்களைப் பற்றிப் பேசினேன்.

ஒரு காகித வேலை பாக்கி. ஸ்காட்லாந்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் பி.வி.ஜி. என்ற பின்னணிச் சரிபார்ப்புத் திட்டத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், 2025 ஏப்ரலிலிருந்து அது சட்டப்படி கட்டாயம். தன்னார்வலருக்கும் உண்டு. 16 வயது நிரம்பிவிட்டதால் தம்பி விண்ணப்பிக்கலாம். நீங்களாக எதையும் நிரப்ப வேண்டாம், கிளப்பில் குழந்தைப் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார், அவர் வழியாகத்தான் தொடங்க வேண்டும். பதிவு வர சில வாரம் ஆகலாம், அதனால் புது சீசன் தொடங்கும் முன்பே தம்பியையே அவரிடம் பேசச் சொல்லுங்கள். கூட நீங்கள் போகாதீர்கள்.