இடம் பிடிக்க இரண்டு மாத அட்வான்ஸ், கொடுக்கலாமா?

சகோதரி, ஜூனில் வேலைக்குத் திரும்புகிறீர்கள், வேலூர் சத்துவாச்சாரியில் கூலிக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா இப்போதே இரண்டு மாதச் சம்பளம் அட்வான்ஸ் கேட்கிறார், கொடுக்கலாமா என்கிறீர்கள். அவர் கேட்பது நியாயம்தான், உங்களுக்காக வேறு குழந்தையை எடுக்காமல் காத்திருக்க வேண்டுமே. ஆனால் இரண்டு மாதம் அதிகம், ஒரு மாதம் பேசுங்கள். அது முதல் சம்பளத்தில் கழியுமா, நீங்கள் வராவிட்டால் எவ்வளவு திரும்பும், அவர் பின்வாங்கினால் முழுதும் வருமா, நீங்கள் வேலை முடிந்து வரும் ராணிப்பேட்டை பஸ் லேட்டானால் கூடுதல் கூலி உண்டா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், பணத்தை ஜிபேயில் அனுப்புங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் ஷூ கம்பெனியில் குழந்தைக் காப்பகம் பற்றிக் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளைக்கு 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்திலேயே விதி வந்துவிட்டது. வாயால் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள், மெயிலில் கேளுங்கள்.

அங்கன்வாடியில் காசு இல்லைதான், ஆனால் கைக்குழந்தையை நாள் முழுக்க விட முடியாது.

அப்புறம், அந்த அம்மாவிடமே விடுவதானால் வேலை தொடங்க ஒரு வாரம் முன்பே சில மணி நேரம் விட்டுப் பழக்குங்கள், அந்த வாரக் கூலியையும் கணக்கில் வையுங்கள்.