1 டன் சுமையை வின்ச்சில் தூக்கும்போது ரோப்பில் எவ்வளவு இழுவிசை வரும்?

1000 கிலோ சுமை, நிமிடத்துக்கு 20 மீட்டர் வேக வின்ச் (ரோப்பைச் சுற்றிச் சுமையைத் தூக்கும் இயந்திரம்), 10 மீட்டர் நீளத்தில் 12 மி.மீ. வயர் ரோப். "நிறையை ஈர்ப்பு முடுக்கத்தோடு சுமையின் முடுக்கத்தையும் கூட்டிப் பெருக்கினால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஆனாலும் முதலில் அதையே போட்டுப் பார்ப்போம்.

20 மீட்டர் என்றால் நொடிக்கு 0.33 மீட்டர். மோட்டார் அந்த வேகத்தை 0.6 நொடியில் எட்டினால் முடுக்கம் 0.55. 1000 × (9.81 + 0.55) = 10,360 நியூட்டன். சும்மா தொங்கும்போது 9,810. கூடுதல் ஆறு சதவீதம்கூட இல்லை.

நிறைய பேர் சறுக்குவது கூட்டல் கழித்தலில். சுமை போகும் திசையைப் பார்க்காதீர்கள், முடுக்கத்தின் திசையைப் பாருங்கள். மேலே போகிற சுமை வேகம் குறைந்தால் கழிக்க வேண்டும். இறங்குகிற சுமைக்கு பிரேக் போட்டால் கூட்ட வேண்டும். பிரேக் 0.1 நொடியில் பிடித்தால் 13,140 வரும்.

ரோப்பைக் கொல்வது இது எதுவுமில்லை. ரோப் தொய்ந்து கிடக்கும்போதே முழு வேகத்தில் சுற்றி, சடக்கென்று சுமையைப் பிடிப்பதுதான். அப்போது எடையோடு சேரும் விசை: வேகம் × √(ரோப்பின் விறைப்பு × நிறை). விறைப்பு என்றால் ரோப்பை ஒரு மீட்டர் நீட்ட எவ்வளவு விசை வேண்டும் என்ற கணக்கு. 12 மி.மீ. ரோப்பில் உண்மையான எஃகு சுமார் 60 சதுர மி.மீ. முறுக்கிய ரோப் என்பதால் மீட்சிக் குணகம் (நீட்சிக்கு எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு) சுமார் 1 லட்சம் நியூட்டன்/சதுர மி.மீ.; திட எஃகின் 2 லட்சத்தைப் போடாதீர்கள். 10 மீட்டர் நீள ரோப்பின் விறைப்பு, மீட்டருக்கு 6 லட்சம் நியூட்டன். கூடுதல் விசை 8,100. மொத்தம் சுமார் 17,900. ரோப் 2.5 மீட்டராகக் குறைந்தால் 26,000 ஆகிவிடும். குட்டை ரோப்தான் மோசமாக உதறும்.

வின்ச் சட்டமும் ஸ்லிங்கும் (சுமையைக் கட்டும் பட்டை அல்லது கயிறு) கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதனால் நிஜ விசை குறையும் என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். அதை நம்பி ரோப் தேர்வு செய்ய முடியாது. நடுவில் நார் (ஃபைபர் கோர்) வைத்த 6×36 (ஆறு புரி, புரிக்கு 36 கம்பி), 1770 கிரேடு (கம்பியின் வலிமை, நியூட்டன்/சதுர மி.மீ.) ரோப் சுமார் 84,000 நியூட்டனில் அறும். பாதுகாப்புக் காரணியான ஐந்தால் வகுத்தால் 16,800. ஒரே உதறலில் அதைத் தாண்டிவிட்டீர்கள். அந்த ஐந்து தேய்மானத்துக்கும் அறுந்த கம்பிகளுக்கும் ஒதுக்கிய இடம், உதறலுக்கு இல்லை.

பட்டனைத் தட்டித் தட்டி ரோப்பை விறைக்க வையுங்கள். ஹூக் சுமையின் ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே வந்ததா பார்த்து, ஒரு நொடி நிறுத்தி, பிறகு தூக்குங்கள். இரட்டை வேக வின்ச்சில் நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் பிடித்தால் உதறல் 2,000 நியூட்டன்தான்.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன், மனசு பொறுக்கவில்லை. கடையில் "பன்னிரண்டு எம்.எம்." என்று மட்டும் சொல்லி, கிரேடும் இல்லாமல் டெஸ்ட் சர்டிபிகேட்டும் இல்லாமல் வெட்டிக் கொடுக்கிறார்கள். அந்த ரோப்புக்கு, நான் மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது. விட்டத்தை வெர்னியர் காலிபரால், எதிரெதிரே உள்ள இரண்டு புரிகளின் மேடுகளில் பட வைத்து அளக்க வேண்டும். பள்ளத்தில் வைத்து அளந்தால் 13 மி.மீ. ரோப்பும் 12 என்று காட்டும்.