வாசனை ஒயினில் வாசனை சேர்க்கிறார்களா? பாட்டிலில் இருப்பது ஊர்ப் பெயரா, திராட்சைப் பெயரா?

கேள்வி: நண்பர் ஒருவர் பிரான்ஸின் அல்சாஸிலிருந்து ‘கெவூர்ட்ஸ்ட்ரமினர்’ என்ற வெள்ளை ஒயின் கொண்டுவந்து கொடுத்தார். ரோஜா வாசனை தூக்கலாக அடிக்கிறது. எசென்ஸ் சேர்த்திருப்பார்களா? சில பாட்டிலில் ஊர்ப் பெயர், சிலதில் திராட்சைப் பெயர் இருக்கிறதே, எப்படிப் புரிந்துகொள்வது?

எதுவும் சேர்க்கவில்லை. அந்த வாசனை திராட்சையோடு பிறந்தது, பெரும்பாலும் அதன் தோலில் இருப்பது.

கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக்கியிருக்கிறார்கள். அங்கே சாப்பாட்டுக்கூடம் என் பொறுப்பு. அதற்கு முன் ஆறு வருடம் சொகுசுக் கப்பலில் ஒயின் பரிமாறினேன். உங்களுக்கு வந்த சந்தேகம் எங்கள் சமையல்கட்டு அக்காவுக்கும் வந்தது. விருந்தாளி மிச்சம் வைத்த இதே வகைப் பாட்டிலை முகர்ந்துவிட்டு, “கல்யாண வீட்டுப் பன்னீர் வாசம்ல தம்பி அடிக்குது, என்னத்தக் கலக்குறாங்க?” என்றார்.

அவர் மூக்கு சரியாகவே சொன்னது. ரோஜாவுக்கு மணம் தரும் ஜெரானியால் இந்தத் திராட்சையிலும் உண்டு. லினலூல் என்ற இன்னொரு பொருளும் உண்டு. நாம் வறுத்து அரைக்கும் கொத்தமல்லி விதையின் வாசனை அதுதான். கெவூர்ட்ஸ்ட்ரமினரில் லிச்சிப் பழ வாசனை வருவதற்குக் காரணமான ரோஸ் ஆக்சைடு லிச்சியிலும் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த பழத்திலேயே இதைப் பார்க்கலாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு ஏன் பன்னீர் என்று பெயர்? பழத்திலேயே அந்த மணம் இருப்பதால். அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை, நிறம் கறுப்பு. அதன் சொந்தக்கார வெள்ளை மஸ்கட்டுகளில் செய்த ஒயினை முகர்ந்தால் நம் ஊர்ப் பழக்கடை ஞாபகம் வந்துவிடும். மஸ்கட், கெவூர்ட்ஸ்ட்ரமினர், ரீஸ்லிங், வியோனியே, அர்ஜென்டினாவின் டொரன்டெஸ் ஆகியவற்றைத்தான் வாசனை ரகங்கள் என்று முக்கியமாகச் சொல்வார்கள். சாவிஞான் பிளாங்கையும் சேர்ப்பதுண்டு. அதன் மணம் வேறு வழி: பச்சைக் குடைமிளகாயில் இருக்கும் பொருளே அதிலும் இருக்கிறது. சார்டொனே என்ற வெள்ளைத் திராட்சை வெறும் சோறு மாதிரி, தனக்கென்று தூக்கலான மணம் இல்லை. ஓக் மரப் பீப்பாயில் வைத்தால் பீப்பாயின் வாசனையை வாங்கிக்கொள்ளும். வாசனை ரகங்களைப் புது ஓக்கில் அவ்வளவாக வைப்பதில்லை, சொந்த மணம் அமுங்கிவிடும்.

சரி, பெயருக்கு வருவோம். ‘கெவூர்ட்ஸ்’ என்றால் ஜெர்மன் மொழியில் மசாலாப் பொருள். ட்ரமின் என்பது இத்தாலியின் வடக்கே, ஜெர்மன் பேசும் மலைப்பகுதியில் இருக்கும் ஊர். ஆக, உங்கள் பாட்டிலில் இருப்பது ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்ட திராட்சைப் பெயர். மசாலா என்பது வாசனையைக் குறித்துச் சொன்னது, போட்டதைச் சொன்னதில்லை.

ஐரோப்பாவின் பழைய வழக்கம் ஊரைச் சொல்வது. ஆத்தங்குடிக் கல் என்று கேட்டால் காரைக்குடிப் பக்கம் யாரும் எதில் செய்தது என்று கேட்பதில்லை. அந்த ஊர் மணல், கண்ணாடி மேல் வார்க்கும் கைப்பழக்கம் எல்லாம் ஊர்ப் பெயருக்குள்ளேயே அடங்கிவிட்டன. ஒயினிலும் அப்படித்தான்: ஷாப்ளி ஊர் ஒயின் என்றால் சார்டொனே, சான்செர் ஊர் வெள்ளை என்றால் சாவிஞான் பிளாங் என்று பிரெஞ்சுக்காரருக்குத் தெரியும், அதனால் பாட்டிலில் எழுதுவதில்லை. 1935-இல் இந்த ஊர்ப் பெயர்களுக்கு அவர்கள் சட்டக் காவலும் கொடுத்தார்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அப்படி ஊறிப்போன ஊர்ப் பெயர்கள் இல்லாததால் திராட்சைப் பெயரை முன்னால் போட்டார்கள். அதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் 75 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 85 சதவீதமாவது அந்தத் திராட்சை இருக்க வேண்டும். அல்சாஸ் பிரான்ஸில் இருந்துகொண்டே திராட்சைப் பெயரைப் பெரிதாக எழுதும் பகுதி. ஜெர்மனி எல்லை, 1871 முதல் 1918 வரை ஜெர்மனியிடமே இருந்தது. ஜெர்மன் பாட்டில் மாதிரியே உயரமான ஒல்லிப் பாட்டிலைப் பார்த்தாலே அந்த உறவு தெரியும்.

ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களில்தான் கவனம் வேண்டும். கப்பலில் ஒரு அம்மா புய்யி-ஃப்யூமே கேட்டார், நான் புய்யி-ஃபுயிசே திறந்துவிட்டேன். முதலாவது லோவார் ஆற்றங்கரை சாவிஞான் பிளாங், இரண்டாவது பர்கண்டியின் சார்டொனே. ஒரு வாய் குடித்ததும் கண்டுபிடித்துவிட்டார். அன்று ராத்திரி வரைபடத்தை விரித்து வைத்துப் படிக்க ஆரம்பித்தவன், இன்றும் புதுப் பெயர் வந்தால் முதலில் ஊரைத் தேடுகிறேன். மஸ்கட்டும் மஸ்கடேயும் அதே மாதிரிதான். மஸ்கடே பிரான்ஸின் நான்ட் நகரத்துப் பக்கத்து ஒயின், திராட்சையே வேறு, பன்னீர் மணம் துளியும் கிடையாது.

அப்புறம், வாசனையை வைத்து இனிப்பு என்று முடிவு செய்ய வேண்டாம். ரோஜா மணம் மூக்கை இனிப்புக்குத் தயார் செய்துவிடும். நாக்கில் சர்க்கரையே இல்லாமலும் இருக்கலாம். ஜெர்மன் ரீஸ்லிங்கில் ‘ட்ரோக்கன்’ (Trocken) என்று இருந்தால் இனிப்பில்லாதது.

உங்கள் பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றாதீர்கள். ரொம்பக் குளிர்ந்தால் வாசனை எழும்பாது. பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்தால் 8 முதல் 10 டிகிரிக்கு வரும், நம் ஊர் வெயிலில் அதற்குள்ளேயே. கூடச் சாப்பிட மிளகுக் கோழி வறுவல் வேண்டாம் என்பேன். கெவூர்ட்ஸ்ட்ரமினரில் ஆல்கஹால் கொஞ்சம் தூக்கல், காரத்தை இன்னும் எரியவிடும். காரத்துக்கு லேசான இனிப்புள்ள, ஆல்கஹால் குறைந்த ரீஸ்லிங்தான் பொருந்தும். உங்கள் கெவூர்ட்ஸ்ட்ரமினருக்கு சோம்பும் தேங்காய்ப்பாலும் போட்ட வெள்ளைக் குருமா வையுங்கள், மிளகாயைப் பாதியாக்கி.