எங்கும் முளைக்கும் களைச்செடிக்கு ஹெர்பேரியப் (உலர்த்திய செடிகளின் காப்பகப்) பதிவுகள் ஏன் இவ்வளவு குறைவு? பதிவில்லாத பகுதியில் அது வளரவில்லை என்று அர்த்தமா?

இல்லை. அரிய செடியைக் கண்டால் சேகரிப்பாளர்கள் விடமாட்டார்கள். காலடியில் கிடக்கும் களையை அழுத்தி, உலர்த்தித் தாளில் ஒட்ட யாருக்குப் பொறுமை? எடுத்தவையும் பெரும்பாலும் சாலையோரத்தில் எடுத்தவை. அப்புறம், ஒரே செடியின் பிரதிகள் பல ஹெர்பேரியங்களுக்குப் போயிருக்கும். எண்ணும் முன் சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண், தேதி மூன்றையும் ஒப்பிடுங்கள். பழைய சீட்டுகளில் பெரும்பாலும் ஊர்ப்பெயர்தான். அட்சரேகை பின்னாளில் யாரோ கணித்துச் சேர்த்தது.

இத்தனை ஓட்டை இருந்தும் இந்தத் தாள்களுக்கு ஈடில்லை. பெயரில் சந்தேகம் வந்தால் செடியையே மறுபடி பார்க்கலாமே! சுமார் 200 ஆண்டுகளில் சேர்ந்த உலர் இலைகளை ஆராய்ந்த தாவரவியலாளர் உட்வர்ட், காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிய அக்காலத்தில் இலைத்துளைகளின் அடர்த்தி 40% குறைந்ததை 1987-இல் காட்டினார்.