மருத்துவம் அரசின் கடமை என்று நம்புகிறவர் காப்பீடு எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, சம்பளம் 38,000 ரூபாய். மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார், அவருக்கு 15,000. மகள் பிளஸ் டூ, மகன் ஒன்பதாவது. நான்கு வருடமாக எனக்குச் சர்க்கரை இருக்கிறது. 10 லட்சம் ரூபாய் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு வருடம் 36,000 கேட்கிறார்கள். மருத்துவம் அரசின் கடமை என்பது என் கொள்கை. ரேஷனில் அரிசி, சர்க்கரை, பாமாயில் என்று கொடுத்து நோயை வளர்த்துவிட்டு, பிறகு காப்பீடு எடு என்றால் என்ன நியாயம்? அந்த 3,000-ஐ மாதாமாதம் எஸ்ஐபியில் (மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை முதலீடு) போட்டு என் செலவை நானே பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். வங்கியில் வைப்பு 1.6 லட்சம் உண்டு. அம்மா (68 வயது) தாராபுரத்தில் தனியாக இருக்கிறார். மாதச் செலவு விவரத்தையும் சம்பளச் சீட்டுகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசுகளின் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாகச் சொன்னது. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கில் அது 1.84 சதவீதம்தான். அதே கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்து நேராக எடுத்துக் கொடுத்தது. 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்ததைப் பார்த்தால் பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் அந்த 39.4-க்குள் உங்கள் வீடும் இருக்கிறது. கொள்கைக்காகக் குரல் கொடுங்கள், நிறுத்தாதீர்கள். குடும்பத்தின் பணத்தை மட்டும் இன்றைக்கு இருக்கிற ஏற்பாட்டை வைத்துத்தான் திட்டமிட முடியும்.

எஸ்ஐபி யோசனையை முதலில் பார்த்துவிடுவோம். மாதம் 3,000 வீதம் மூன்று வருடம் போட்டால் உங்கள் கைப்பணம் 1,08,000. சந்தை நன்றாக இருந்தால் கூடுதலாகக் கொஞ்சம், மோசமாக இருந்தால் அதிலும் குறைவு. இதயத்தில் ஸ்டென்ட் வைக்க வேண்டிய நிலை வந்து தனியார் மருத்துவமனைக்குப் போனால் லட்சங்களில்தான் பேச்சே. எஸ்ஐபி நல்ல பழக்கம், மகளின் கல்லூரிச் செலவுக்கு அது வேண்டும். ஆனால் பணம் சேர்ந்து முடியும்வரை நோய் காத்திருக்காது, அதனால் இந்த வேலைக்கு அது பொருந்தாது.

நீங்கள் அனுப்பிய காகிதங்களில் என்னை நிறுத்தியது உங்கள் மனைவியின் சம்பளச் சீட்டு. பிடித்தம் பகுதியில் ‘இஎஸ்ஐ 113’ என்று இருக்கிறது. இஎஸ்ஐ என்பது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீட்டுத் திட்டம். அவர் சம்பளத்தில் 0.75 சதவீதம் அந்த 113 ரூபாய். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 488 ரூபாய் கட்டுகிறது. ஆக மாதம் 601 ரூபாய் உங்கள் குடும்பத்தின் மருத்துவத்துக்காகப் போய்க்கொண்டிருக்கிறது. நீங்களோ அதை ஒரு வரியாகக்கூடக் கடிதத்தில் எழுதவில்லை. உங்கள் சம்பளம் இஎஸ்ஐ உச்சவரம்பான 21,000-ஐத் தாண்டிவிட்டதால் நமக்கு இஎஸ்ஐ இல்லை என்று நினைத்துவிட்டீர்கள் போல. காப்பீடு பெற்றவர் பெண்ணாக இருந்தாலும் அவருடைய கணவரும், அவரைச் சார்ந்த பிள்ளைகளும் இஎஸ்ஐ-யில் குடும்பம்தான். கணவரின் சம்பளம் எவ்வளவு என்பது அங்கே கேள்வி இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். மனைவியின் கம்பெனி அலுவலகத்தில் சொல்லி, இஎஸ்ஐ பதிவில் உங்கள் பெயரும் இரண்டு பிள்ளைகளின் பெயரும் ஆதாரோடு சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி, இ-பெஹ்சான் என்கிற இஎஸ்ஐ அடையாள அட்டையை அச்செடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போய் சர்க்கரை மருத்துவத்தை அங்கேயே தொடங்குங்கள். பெரிய சிகிச்சை என்றால் கோவை சிங்காநல்லூரில் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உயர் சிறப்புச் சிகிச்சைக்கு மனைவியின் பணிக்காலத்தைப் பொறுத்த விதிகள் உண்டு, அதையும் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் அரசு மருத்துவம் வேண்டும் என்கிற நீங்கள், உங்கள் வீட்டுப் பணத்தில் நடக்கும் பொது மருத்துவத்தைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது.

அப்படியானால் தனியார் காப்பீடே வேண்டாமே என்பீர்கள். வேண்டும். இஎஸ்ஐ வேலையோடு ஒட்டியது. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது பனியன் ஆர்டர்களுக்கு என்ன ஆனது என்று திருப்பூரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனைவியின் வேலை போனால் இந்தப் பாதுகாப்பும் கொஞ்ச காலத்தில் போய்விடும். அவருக்குச் சம்பளம் கூடினாலும் இதே கதைதான். 21,000 என்ற உச்சவரம்பை 2017 ஜனவரியில் வைத்தார்கள். சம்பளம் அதைத் தாண்டினால், நடந்துகொண்டிருக்கும் ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் வெளியே வந்துவிடுவார். (ஓவர்டைம் பணம் இந்த வரம்புக் கணக்கில் சேராது, அதற்குப் பயந்து யாரும் ஓவர்டைமை விட வேண்டாம்.) நீங்கள் குரல் கொடுக்க வேண்டிய இடங்களில் இந்த உச்சவரம்பை முதலில் வைப்பேன்.

இப்போது நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் கொண்டுவந்த விதிப்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்கு பாலிசி பணம் தராத காலம்) அதிகபட்சம் மூன்று வருடம். நீங்கள் இன்று பாலிசி எடுத்தால் சர்க்கரை சார்ந்த சிகிச்சைக்கு 49 வயதுக்குள் முழுப் பாதுகாப்பு கிடைக்கும். மனைவி வேலையில் இருக்கும்வரை, அந்த மூன்று வருடமும் இஎஸ்ஐ உங்களைப் பார்த்துக்கொள்ளும். மனைவியின் வேலை போன பிறகு 50 வயதில் எடுக்கப் போனால் பிரீமியமும் கூடும், காத்திருப்பும் அன்றுதான் தொடங்கும், இடையில் கைகொடுக்க இஎஸ்ஐ-யும் இருக்காது. அதனால் இஎஸ்ஐ இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

ஆனால் 36,000 வேண்டாம். 5 லட்சத்துக்கு ஒரு குடும்ப பாலிசி, அதன்மேல் 5 லட்சம் வரையிலான செலவைக் கழித்துக்கொண்டு அதற்கு மேல் கொடுக்கும் சூப்பர் டாப்-அப் பாலிசி ஒன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க என்ன ஆகும் என்று இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். பொதுவாக இந்தச் சேர்க்கை மலிவாக வரும். அறை வாடகைக்கு உச்சவரம்பு இல்லாத பாலிசியாகப் பாருங்கள். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. உங்களிடம் காட்டிய விலைப்பட்டியலில் ஜிஎஸ்டி இருந்தால் அது பழைய கணக்கு. பிரீமியத்துக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கும் என்று முகவர் ஆசை காட்டினால் கண்டுகொள்ளாதீர்கள், புதிய வரி முறையில் உங்கள் வருமானத்துக்கு வரியே கிடையாது. சர்க்கரை இருப்பதையும், எந்த வருடத்திலிருந்து என்பதையும் விண்ணப்பத்தில் ஒளிக்காமல் உங்கள் கையாலேயே எழுதுங்கள். முகவர் நிரப்பித் தருகிறேன் என்றால் இடம் கொடுக்காதீர்கள். பின்னால் கிளைம் மறுக்கப்பட அங்கேதான் காரணம் தேடுவார்கள்.

உணவு விஷயம். உங்கள் செலவுப் பட்டியலில் ‘பேக்கரி, டீக்கடை, வெளிச் சாப்பாடு’ 3,400, ‘மாத்திரை, பரிசோதனை’ 2,900. உங்களைக் குறை சொல்ல இதை எடுத்துக் காட்டவில்லை. 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் நகரக் குடும்பங்களின் உணவுச் செலவில் மிகப் பெரிய இனமே பானங்களும் தயாரித்த தின்பண்டங்களும்தான், மொத்தச் செலவில் சுமார் 11 சதவீதம். நாட்டின் நோய்ச்சுமையில் 56.4 சதவீதத்துக்கு மோசமான உணவு காரணம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டியில் சொல்கிறது. எட்டு மணி நேரம் நாற்காலியில் இருப்பவருக்கு மூலைக்கு மூலை பப்ஸும் டீயும்தான் கிடைக்கிறது என்றால் அதைத் தனிமனிதரின் பலவீனம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரேஷனைப் பற்றி நீங்கள் சொன்னதும் பாதி சரி. அதே கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், அதை ஒரு மாதமும் விடாதீர்கள். 2023-இல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். மற்ற கொங்கு மாவட்டங்களுக்கும் அது வேண்டும் என்று கேட்பது உருப்படியான கோரிக்கை. வெளித்தீனியில் பாதியைக் குறைத்தாலே மாதம் 1,700 மிஞ்சும், பிரீமியத்தில் பெரும் பகுதி அதிலேயே வந்துவிடும். மருந்தும் இஎஸ்ஐ-க்கு மாறினால் 2,900-இல் கணிசமான பங்கு தப்பும். இஎஸ்ஐ-யில் கிடைக்காத மாத்திரைக்கு மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ விலை கேளுங்கள். மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயர்) எழுதித் தரச் சொன்னால் வாங்குவது எளிது.

இந்த இரண்டிலும் மிஞ்சுவதில் பிரீமியம் போக இருப்பதை எஸ்ஐபியில் போடுங்கள். 1.6 லட்சம் வைப்பைத் தொட வேண்டாம், உங்கள் வீட்டுச் செலவுக்கு அது மூன்று நான்கு மாதம்தான் தாங்கும்.

அம்மாவுக்குத் தனிக் குடும்ப அட்டை இருந்து, அவருடைய ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் வரை, பிரீமியம் கிடையாது. கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், மூன்றையும் எடுத்துக்கொண்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். அவசரத்தில் மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு வருமானச் சான்றுக்கு அலைய முடியாது.