சிம்மைக் கழற்றாதீர்கள், ஓடிபி அதில்தான் வரும்

சிங்கப்பூருக்கு ஒரே கைப்பை, ஒரே போன். அங்கே வேறு சிம் போட்டால் வங்கி ஓடிபி எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். நம்மூர் சிம்மைக் கழற்றவே வேண்டாம்.

*#06# அடித்துப் பாருங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்ஈஐயோடு (IMEI) ஈஐடி (EID) என்று ஒரு நீள எண்ணும் வந்தால் உங்கள் போனில் இ-சிம், அதாவது அட்டை போடாமல் நெட்டில் இறக்கிக்கொள்ளும் சிம், ஓடும். டேட்டாவுக்கு மட்டும் ஒன்று வாங்கி, வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிடுங்கள். நெட் இல்லாமல் அது இறங்காது.

நிறையப் பேர் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். வெளிநாட்டில் நெட் ஓட விடும் டேட்டா ரோமிங் ஒவ்வொரு சிம்முக்கும் தனி சுவிட்ச். நம்மூர் சிம்மில் அது அணைந்தே இருக்கட்டும், இ-சிம்மில் மட்டும் போடுங்கள். ஆனால் நம்மூர் சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங் சேவை, அதாவது வெளிநாட்டிலும் அந்த சிம் வேலை செய்ய விடும் சேவை, திறந்திருக்க வேண்டும். கிளம்புமுன் சிம் கம்பெனி ஆப்பில் பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஓடிபி வராது. எஸ்எம்எஸ் வாங்கப் பொதுவாகக் காசு இல்லை, போனை எடுத்தால்தான் பில் எகிறும். சித்தப்பாவே கூப்பிட்டாலும் வாட்ஸ்அப்பில் வரச் சொல்லுங்கள்! வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

அப்புறம், அங்கே பிளக் பாயின்ட் தட்டையான மூன்று செவ்வக முனை. நம் சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், 20,000 எம்ஏஎச் என்றால் பிரச்சினையில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் விமானத்துக்குள் அதில் சார்ஜ் போட விடமாட்டார்கள், 2025 ஏப்ரலிலிருந்து தடை. ஏறுமுன்னே போனை நிரப்பிக்கொள்ளுங்கள்.