கம்பைல் ஆகிவிட்டது, லிங்க் ஆகவில்லை

கேள்வி: விடுதியில் இணையம் ப்ராக்ஸி என்ற இடைநிலைக் கணினி வழியாகத்தான் வரும். நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்துக்கு எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பில் போக, ப்ராக்ஸியைத் தாண்ட உதவும் 'கனெக்ட்' கருவியின் சி கோப்பை இறக்கி, மேக்புக்கில் ஜிசிசி கம்பைலரில் கொடுத்தேன். 'ரெஸ்_9_இனிட்' இல்லை என்று பிழை. ஆப்பிளின் நிரல் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடை மறுபடி நிறுவியும் பலனில்லை. நிரலில் தவறா?
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: நிரலில் ஒரு தவறும் இல்லை. பிழைச் செய்தியின் கடைசி வரியைப் பாருங்கள்; 'லிங்கர்' என்ற சொல் இருக்கும். அப்படியென்றால் கம்பைல் முடிந்து, நூலகங்களை இணைக்கும் கட்டத்தில்தான் நின்றிருக்கிறது. எக்ஸ்கோடை எத்தனை முறை நிறுவினாலும் இது தீராது.

கணினிப் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் ரிசால்வரைத் தயார் செய்வதற்கான ஃபங்ஷன்தான் அந்த 'ரெஸ்_9_இனிட்'. லினக்ஸில் இந்த வசதி சி நூலகத்துக்குள்ளேயே இருக்கிறது. மேக்கில் தனி நூலகம். அதனால் கட்டளையின் கடைசியில் ஒரு ஹைஃபன், சிறிய எல், இடைவெளி விடாமல் 'ரிசால்வ்' (resolv, கடைசியில் e கிடையாது) என்று சேருங்கள். அது ஆங்கில எழுத்து எல், எண் ஒன்று அல்ல! நான் முதல் தடவை ஒன்று என்று அடித்துவிட்டு ஒரு மதியம் முழுக்க முழித்துக்கொண்டிருந்தேன். மற்றபடி, ஷுன்-இச்சி கோட்டோ எழுதிய இந்தக் கருவி ஒரே கோப்புதான். 'கன்ஃபிகர்', 'மேக்' (make) கட்டளைகள் எதுவும் வேண்டாம். பொறுமையாகப் படித்தும் பாருங்கள், ப்ராக்ஸியுடன் எப்படிப் பேசுவது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்க முடியாது.

சரி, அடுத்த தடை இங்கேதான். எஸ்எஸ்ஹெச் கன்ஃபிக் கோப்பில் ப்ராக்ஸி கமாண்ட் (ProxyCommand) வரியில் பெரிய ஹெச் ஆப்ஷனோடு விடுதி ப்ராக்ஸியின் முகவரியும் போர்ட் (வாசல்) எண்ணும் தருவீர்கள். ஆனால் பல ப்ராக்ஸிகள் பாதுகாப்பான இணையதளங்களுக்கான 443 போர்ட்டுக்கு மட்டுமே டனல், அதாவது நேரடி வழி, விடும். எஸ்எஸ்ஹெச்சின் வழக்கமான 22 போர்ட் அங்கே செல்லாது. கிட்ஹப் இதற்காகவே 'எஸ்எஸ்ஹெச்.கிட்ஹப்.காம்' என்ற முகவரியில் 443-இலும் எஸ்எஸ்ஹெச்சை ஏற்கிறது. ஹோஸ்ட்நேம், போர்ட் இரண்டையும் அப்படி மாற்றுங்கள். விடுதியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். படிப்புக்காகக் கேட்கிறீர்கள், தயங்க ஒன்றுமில்லை.

அப்புறமும் நின்றுபோனால், கனெக்ட்டுக்குச் சிறிய டி (d) ஆப்ஷன் கொடுங்கள். ப்ராக்ஸி சொல்லும் பதில் திரையில் வரும். 200 என்றால் வழி திறந்துவிட்டது. 403 என்றால் ப்ராக்ஸியே மறுக்கிறது. 407 வந்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. அதை எப்படிக் கொடுப்பது என்பது அந்தக் கோப்பின் தொடக்கக் குறிப்புகளிலேயே இருக்கிறது.